தோரு தத் விட்டுச்சென்ற கையெழுத்துப் படி

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்களின் விரல்களுக்கிடையே நாள்தோறும் பிரெஞ்சு மொழி நழுவிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் பின்னலாடையின் உட்புறத் தையலில் சிறிய துணிச்சீட்டு ஒன்றைக் கோத்துத் தைப்பார்கள். ஆடையை எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும் என்பது அதில் பல மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். பிரெஞ்சும் அவற்றுள் ஒன்று. சீட்டு சரியான இடத்தில் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே அந்தப் பெண்களின் வேலை. அதில் உள்ளதைப் படிக்கும்படி யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

அவர்களில் பலர் பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஒரு சவுக்கு மரத்தைப் பற்றிய கவிதை இருக்கிறது. அந்த மரத்தடியில் விளையாடி, பின்னர் இறந்துபோன உடன்பிறந்தவர்களை நினைத்து ஒரு பெண் எழுதிய கவிதை அது. எழுதியவர் தோரு தத். தேர்வுக்காக அதன் கருத்துச் சுருக்கத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அவர் ஆங்கிலக் கவிஞர் என்ற அளவில் நினைவில் இருப்பார். அவர் பிரெஞ்சு மொழியில் ஒரு முழு நாவல் எழுதினார் என்பதும், இந்தியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல் அதுதான் என்பதும், அதை அச்சில் காணாமலேயே 21 வயதில் மறைந்தார் என்பதும் தேர்வு வினாக்களுக்கு வெளியே நின்றுவிட்டன.

இளமைக் காதலும் அதன் ஏமாற்றமும் பிரெஞ்சு இலக்கியம் விடாமல் பற்றிவந்த பொருள்கள். ஃப்ளோபேர் தம் ‘உணர்வுக் கல்வி’ நாவலை 1869-இல் வெளியிட்டார். முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில் 27 வயதில் களத்தில் மடிந்த அலென் ஃபூர்னியே, ‘பெரிய மோல்ன்’ என்ற ஒரே நாவலை முந்தைய ஆண்டு விட்டுச்சென்றார். அந்த வரிசையின் ஓரத்தில், அதிகம் பேசப்படாமல், கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் புத்தகமும் இருக்கிறது. அதை எழுதியவரின் வாழ்க்கை, அந்த நாவலுக்குக் குறையாத கதை.

தோரு 1856 மார்ச் 4-ஆம் தேதி கல்கத்தாவின் ராம்பாகான் பகுதியில் பிறந்தார். ஆங்கிலக் கல்வியின் பயனை முதலில் பெற்ற வங்கக் குடும்பங்களுள் ஒன்று தத் குடும்பம். பாட்டனார் ரசமய் தத் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். தந்தை கோவிந்த சந்திர தத் அரசுப் பணியில் இருந்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். இந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதி, ஆங்கிலேய ஆட்சியில் இந்திய நெசவுத்தொழில் நலிந்த விதத்தை ஆவணப்படுத்திய ரமேஷ் சந்திர தத், தோருவுக்குச் சகோதர முறை. 1899-இல் லக்னோ காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். ஆகவே, நூலையும் துணியையும் நம்பி வாழும் கொங்கு நாட்டுக்கு இந்தக் குடும்பம் முற்றிலும் அந்நியமானதன்று.

1862-இல் அக்குடும்பம் கிறிஸ்தவத்தைத் தழுவியது. தாய் க்ஷேத்திரமணி முதலில் தயங்கினார். காலப்போக்கில் புதிய சமயத்தில் உறுதியாக நின்றார். ஆயினும், அவர் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த சீதை, சாவித்திரி, பிரகலாதன் கதைகள் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. தோருவின் மனத்தில் தாயிடமிருந்து பெற்ற புராணமும் தந்தையிடமிருந்து பெற்ற ஆங்கிலமும் ஒன்றையொன்று விலக்காமல் வாழ்ந்தன. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக வந்து, எல்லாவற்றையும்விட நெருக்கமானது பிரெஞ்சு.

குழந்தைகள் மூவர். மூத்தவன் அப்ஜு, அடுத்தவள் அரு, கடைசி தோரு. 1865-இல் அப்ஜு 14 வயதில் இறந்தான். அப்போது தோருவுக்கு 9 வயது. எஞ்சிய இரு பெண்களையும் பெற்றோர் ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்தனர். கடல் கடப்பது ஆண்களுக்கே குலத்தை இழக்கும் செயலாகக் கருதப்பட்ட காலம் அது. வங்காளத்திலிருந்து பெண்கள் ஐரோப்பா செல்வது ஏறக்குறைய கேள்விப்படாத ஒன்று. 1869-இன் இறுதியில் கப்பலேறிய அந்தக் குடும்பம் பிரான்சின் தென்கரையை அடைந்தது. ஃப்ளோபேரின் நாவல் பாரிசின் புத்தகக் கடைகளுக்கு வந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான்.

நீஸ் நகரில் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் சகோதரிகள் இருவரும் சில மாதங்கள் படித்தனர். தோரு தம் வாழ்நாளில் பள்ளிக்கூடம் என்று சென்றது அந்தச் சில மாதங்கள் மட்டுமே. அங்கே கிடைத்த மொழியை அவர் பின்னர் விடவே இல்லை. 1870-இல் குடும்பம் பாரிஸ் வழியாக லண்டன் சென்றது. அதே ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு, பிரான்ஸ் தோற்றது. லண்டனில் இருந்த 14 வயதுப் பெண் அந்தத் தோல்வியைத் தன் வீட்டுத் துக்கம்போல நாட்குறிப்பில் எழுதினாள். ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில் பிறந்தவள், வீழ்ந்துகிடந்த வேறொரு நாட்டின் பக்கம் மனத்தைச் சாய்த்தாள்.

1871-இல் கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தனர். பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காத காலத்தில், அவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட உயர்கல்விச் சொற்பொழிவுகளை அங்கே சகோதரிகள் கேட்டனர். மேரி மார்ட்டின் என்ற ஆங்கிலப் பெண்ணின் நட்பும் அங்குதான் கிடைத்தது. 1873-இல் குடும்பம் கல்கத்தா திரும்பிய பிறகு, இறக்கும் ஆண்டு வரை தோரு அந்தத் தோழிக்குக் கடிதம் எழுதிவந்தார். அந்தக் கடிதங்களை ஹரிஹர தாஸ் தொகுத்துத் தோருவின் வரலாற்றோடு 1921-இல் நூலாக்கினார். தோருவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்து வந்தது. ஒரு தோழி கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்த வரலாறு இது.

ஊர் திரும்பிய வாழ்க்கை எளிதாக இல்லை. கேம்பிரிட்ஜின் தெருக்களில் தனியாக நடந்த பெண்ணுக்குக் கல்கத்தாவில் வீடும், பாக்மாரி என்ற இடத்திலிருந்த தோட்ட வீடும் மட்டுமே உலகமாயின. இந்து உறவினர்களிடமிருந்து சமயம் பிரித்தது. ஆங்கிலேயரின் கூட்டத்தோடு ஒட்ட நிறம் தடுத்தது. மணமாகாமல் இருக்கும் பெண்ணைப் பார்த்து உறவுக்காரர்கள் வியந்தனர். அவருடைய வயதில் வங்கப் பெண்கள் பலர் தாய்மாராகிவிட்டிருந்தனர். தோருவுக்குத் தோட்டமும் பூனைகளும் இரண்டு குதிரைகளும் புத்தகங்களும் துணை. குதிரைகளுக்கும் அவர் பிரெஞ்சில்தான் பெயர் வைத்தார்.

1874 ஜூலை 23-ஆம் தேதி அரு காசநோயால் இறந்தார். அவருக்கு வயது 20. படிப்பு, பயணம், மொழிபெயர்ப்பு ஆகிய எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே செய்துவந்தனர். அரு நன்றாக ஓவியம் வரைவார். தோரு ஒரு நாவல் எழுதுவதென்றும், அதற்கு அரு படங்கள் வரைவதென்றும் சகோதரிகள் திட்டமிட்டிருந்தனர். ஒரு படம்கூட வரையப்படுமுன் அரு போய்விட்டார்.

அந்த ஆண்டின் இறுதியில் தோருவின் முதல் கட்டுரை, பிரெஞ்சுக் கவிஞர் லெகோந்த் தெ லீலைப் பற்றியது, வங்காளத்தின் ஓர் ஆங்கில இதழில் வெளியானது. 1876-இல், பவானிபூரின் சிறு அச்சகம் ஒன்றில் அவருடைய முதல் நூல் அச்சாயிற்று. பிரெஞ்சுக் கவிதைகள் 160-க்கும் மேற்பட்டவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. அவற்றில் எட்டு, அருவின் மொழிபெயர்ப்புகள். முன்னுரை இல்லை, தாள் மட்டம், கட்டமைப்பும் அழகில்லை.

அந்த நூலின் ஒரு படி லண்டன் வார இதழ் ஒன்றின் அலுவலகத்தை அடைந்தது. மதிப்புரை எழுதப் புத்தகமே இல்லாத ஆகஸ்டு மாதத்தில், திறனாய்வாளர் எட்மண்ட் காஸ் கையில் அது வந்து விழுந்தது. அதன் தோற்றத்தைப் பார்த்துக் குப்பைக் கூடைக்கு உரியது என்று எண்ணியவர், பக்கங்களைப் புரட்டியதும் வியந்து நின்றார். அவரை முதலில் கவர்ந்தது விக்டர் ஹியூகோவின் ஒரு கவிதை மொழிபெயர்ப்பு. அது அரு செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்த அக்காளின் வரிகள்தான், தங்கைக்கு லண்டன் இலக்கிய உலகின் கதவைத் திறந்துவிட்டன. பிரான்சில் ஆந்த்ரே தெரியே என்ற எழுத்தாளர் புகழ்பெற்ற இதழ் ஒன்றில் நூலைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைத் தோரு உயிரோடு இருக்கும்போதே கண்டார் என்பது ஓர் ஆறுதல்.

தோருவை மென்மையான நோயாளிப் பெண்ணாக மட்டும் சித்திரிக்கும் வழக்கம் உண்டு. அது முழு உண்மையன்று. இந்தியரைத் தாக்கிக் கொன்ற வெள்ளையருக்கு நீதிமன்றங்கள் பெயரளவில் தண்டனை கொடுத்துவிட்டதைத் தோழிக்கு எழுதிய கடிதங்களில் அவர் சினத்தோடு பதிவு செய்திருக்கிறார். நாட்டு மக்களைக் குறிக்க ஆங்கிலேய அதிகாரிகள் இழிவாக வழங்கிவந்த சொல்லை அவரே ஒரு கடிதத்தில் பயன்படுத்திவிட்டார். தோழி அதைச் சுட்டிக்காட்டியபோது, தவற்றை ஒப்புக்கொண்டு இனி அச்சொல்லை எழுதுவதில்லை என்று உறுதி கூறினார். அந்தக் காலத்தில்தான் தந்தையுடன் அமர்ந்து சம்ஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். தாய் சொன்ன கதைகளை மூலத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது.

பண்டை இந்தியாவின் பெண்களைப் பற்றிப் பிரெஞ்சில் நூல் எழுதிய கிளாரிஸ் பாதேர் என்ற அம்மையாருக்கு 1877-இன் தொடக்கத்தில் தோரு கடிதம் எழுதி, அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அனுமதி கேட்டார். மனமுவந்து இசைவு தெரிவித்துப் பதில் வந்தது. ஆனால், அருவைக் கொண்டுபோன அதே நோய் தோருவையும் பிடித்திருந்தது. சொத்துகளை விற்றுவிட்டு மீண்டும் ஐரோப்பா போய்விடலாம் என்று தந்தை போட்ட திட்டமும் நிறைவேறவில்லை. 1877 ஆகஸ்டு 30-ஆம் தேதி தோரு இறந்தார். அப்போது அவருக்கு 21 வயது ஆறு மாதம். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோஹ் கண்டுபிடித்தது 1882-இல். அதைக் கொல்லும் மருந்து வருவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

மூன்று குழந்தைகளையும் இழந்த தந்தை, கடைசி மகளின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவற்றில் மொழிபெயர்ப்புகள் இருந்தன. ‘பியாங்கா’ என்ற ஆங்கில நாவலின் எட்டு அத்தியாயங்கள் இருந்தன. நாவல் பாதியில் நின்றிருந்தது. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் அதுவே. கூடவே, முழுமை பெற்ற பிரெஞ்சு நாவல் ஒன்றும் இருந்தது. ‘செல்வி தார்வெரின் நாட்குறிப்பு’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஐரோப்பாவில் இருந்த நாள்களிலேயே அதை அவர் தொடங்கியிருக்கக் கூடும் என்று கருதப்படுகிறது. தந்தை அதைப் பாரிசுக்கு அனுப்பினார். கிளாரிஸ் பாதேரின் முன்னுரையோடு 1879-இல் திதியே பதிப்பகம் அதை வெளியிட்டது.

கதை எளியது. மார்கெரித் என்ற 15 வயதுப் பெண் கன்னிமாடத்துப் படிப்பை முடித்து, பிரிட்டனியில் உள்ள பெற்றோரின் வீட்டுக்குத் திரும்புகிறாள். பிறந்தநாளிலிருந்து அவளுடைய நாட்குறிப்பு தொடங்குகிறது. அண்டையில் ஒரு பிரபுக் குடும்பம். விதவைத் தாய், இரு மகன்கள். மூத்தவன் துனுவாவை மார்கெரித் நேசிக்கிறாள். அவனும் தன்னை நேசிக்கிறான் என்று நம்புகிறாள். அவனோ வீட்டில் வேலை செய்யும் ழானெத் என்ற பெண்ணின்மீது பித்தாகி இருக்கிறான். தம்பி காஸ்தோனின் மனமும் அவளிடமே. பொறாமை முற்றிய துனுவா தம்பியைக் கொன்று, அறிவு பேதலித்து, தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். தெய்வமாகக் கருதியவன் கொலைகாரன் என்று அறிந்த மார்கெரித் நோயில் விழுகிறாள். பின்னர், நெடுநாளாக அவளை விரும்பிய லூயி என்ற படை அதிகாரியை மணக்கிறாள். முதலில் நன்றியாக இருந்தது மெல்ல அன்பாகிறது. மகனைப் பெற்ற சில நாள்களில் அவள் இறக்கிறாள்.

இந்த நாவலில் குறைகள் இல்லாமல் இல்லை. பக்தி மிகுந்திருக்கிறது, திருப்பங்கள் திடீரென வருகின்றன, மார்கெரித்தின் நற்குணம் சில இடங்களில் நம்ப முடியாத அளவுக்கு உயர்கிறது. ஆனால், காதல் உடையும் பகுதியில் எழுத்து அசாதாரணமான அமைதியோடு நடக்கிறது. ஏமாந்த பெண் யாரையும் சபிப்பதில்லை. தான் எங்கே தவறாகப் புரிந்துகொண்டோம் என்று பின்னோக்கிப் பார்க்கிறாள். நோயும் சாவும் வரும் இடங்களில் அனுபவத்தின் கை தெரிகிறது. அண்ணனும் அக்காளும் இறப்பதை அருகில் இருந்து பார்த்தவரின் எழுத்து அது. காதலோ கல்யாணமோ தோருவுக்கு வாய்க்கவில்லை. வாய்க்காதவற்றையும் ஒரு வாழ்க்கை முழுவதுமாக அவர் எழுதிப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கதையை ஏன் வங்காளத்தில் வைத்து எழுதவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. பிரான்சின்மீது அவருக்கு இருந்த பற்று ஒரு காரணம். அதைவிட அழுத்தமான காரணம் ஒன்றும் இருக்க வேண்டும். 15 வயதில் ஒரு பெண் தன் மனத்தைத் தானே அறியத் தொடங்குவதாகக் கதை சொல்ல, அன்றைய வங்கச் சமூகத்தில் இடமே இல்லை. அந்த வயதுக்குள் அங்கே பெண்ணுக்கு மணம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பெண்ணின் சம்மத வயது சட்டத்தில் பத்தாக இருந்தது. 1891-இல்தான் பன்னிரண்டாக உயர்ந்தது. பக்கிம் சந்திரரும் 1865-இல் தம் முதல் வங்க நாவலான ‘துர்கேசநந்தினி’யில் காதலைச் சொல்ல, பழைய போர்க்காலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர் காலத்தில் பின்னோக்கிச் சென்றார். தோரு கடலைக் கடந்து சென்றார். பெண்ணிடம் பெற்றோர் விருப்பம் கேட்கும் ஒரு வீட்டை எழுத, அவருக்குப் பிரிட்டனி தேவைப்பட்டது.

அந்த நாவல் பாரிசில் வெளியான 1879-ஆம் ஆண்டு தமிழுக்கும் முக்கியமானது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறிய ஆண்டும் அதுவே. தமிழின் முதல் நாவலும் இந்தியரின் முதல் பிரெஞ்சு நாவலும் ஒரே ஆண்டில் வெளிவந்திருக்கின்றன. வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் அறிவிலும் துணிவிலும் ஆண்களை விஞ்சுபவள். அவரே பெண்கல்விக்காக வாதாடியவர். ஆனால், அங்கே பெண்ணை எழுதியது ஓர் ஆண். இங்கே ஒரு பெண் தன் வயதுப் பெண்ணின் நாட்குறிப்பைத் தானே எழுதினார். பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரி நம் அருகிலேயே இருந்தும், அந்த மொழியின் முதல் இந்திய நாவல் ஆங்கிலேயரின் தலைநகரில் இருந்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது.

தோருவின் கடைசி நூல் 1882-இல் லண்டனில் வெளியானது. சாவித்திரி, சீதை, பிரகலாதன், ஏகலைவன் கதைகளை ஆங்கிலக் கவிதைகளாக்கிய தொகுப்பு அது. எட்மண்ட் காஸ் முன்னுரை எழுதினார். சவுக்கு மரக் கவிதையும் அதில்தான் இருக்கிறது. பாக்மாரித் தோட்டத்தில், கொடி சுற்றிய அந்த மரத்தடியில்தான் மூன்று பிள்ளைகளும் விளையாடினர். நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1884-இல், தந்தையும் காலமானார். மகளின் எழுத்துகளை உலகின் முன் வைத்துவிட்டுப் போனார் அவர்.

தோரு தத்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய மேதைமையை வியப்பது வழக்கம். வியப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால், அந்த மேதைமை நமக்கு வந்து சேர்ந்த வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவரை அவசரமாக யாரும் மணம் முடித்துக் கொடுக்கவில்லை. வீட்டில் புத்தகங்கள் இருந்தன. எழுதியதைப் பகிர்ந்துகொள்ள முதலில் ஓர் அக்காளும் பின்னர் ஒரு தோழியும் இருந்தனர். இறந்த பிறகு தாள்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றின் மதிப்பை அறிந்து, அச்சுக்குக் கொடுக்க ஒரு தந்தை இருந்தார். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்திருந்தாலும், பிரெஞ்சு நாவல் பழைய தாள் கட்டோடு போயிருக்கும். தத் குடும்பத்துக்குச் செல்வம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செல்வம் இருந்த எத்தனையோ வீடுகளில் பெண்களுக்கு இந்த நான்கும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்போது திருப்பூருக்குத் திரும்பலாம். தோரு இறந்த வயதிலும் அதற்குக் குறைந்த வயதிலும் உள்ள பெண்கள் பல்லாயிரக்கணக்கில் வாழும் ஊர் இது. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். மூன்று ஆண்டு வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும், அது கல்யாணத்துக்கு உதவும் என்று சொல்லி இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் தங்க வைத்த முறைக்கு, இந்த வட்டாரத்தில் சுமங்கலித் திட்டம் என்றே பெயர் வழங்கியது. தொழிலாளர் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்களும் கேள்வி எழுப்பின. அந்தப் பெயரே ஒரு பெண்ணின் இளமைக்கு முடிவுரையை முன்கூட்டியே எழுதிவிடுகிறது.

அந்த இளமைக்குள் நடப்பவை எங்கே பதிவாகின்றன? ஓவர்லாக் மிஷின்களின் வரிசையில் அரும்பும் நட்புகள், பேருந்து நிறுத்தத்தில் தொடங்கும் காதல்கள், சாதி தெரிந்ததும் முறியும் வாக்குறுதிகள், ஊரிலிருந்து வரும் ஒரே அலைபேசி அழைப்பில் முடிவாகிவிடும் கல்யாணங்கள் ஆகியவற்றைப் பற்றிச் செய்தித்தாள் பேசுவது பெரும்பாலும் அவை காவல் நிலையத்தை எட்டிய பிறகுதான். விடுதிக் காப்பாளரின் பார்வையில் அவை ஒழுங்கீனம். வீட்டாரின் பார்வையில் மானக்கேடு. அந்தப் பெண்ணின் பார்வையில் அவை என்ன என்பதை அவளே சொல்லும் பக்கம் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டாலும், பெட்டியைச் சோதிக்கும் கைக்கோ, கல்யாணத்துக்கு முன் பழைய நோட்டுகளை அடுப்பில் போடும் கைக்கோ அது தப்புவது அரிது.

கொங்கு மண் எழுத்துக்கு வறண்ட மண்ணன்று. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் கீரனூரில் பிறந்த ஆர். ஷண்முகசுந்தரம், 1942-இல் ‘நாகம்மாள்’ என்ற நாவலில் ஒரு கிராமத்து விதவையை நடுவில் நிறுத்தினார். வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர். சாயத்தால் நிறம் மாறிய நொய்யலும், பனியன் தொழிலாளர் வாழ்வும் பின்னர் வந்த நாவல்களில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் குடும்பம் குடும்பமாக மக்கள் நிற்கிறார்கள். ஆயினும், இந்த நகரத்தின் விடுதிகளில் இளமையைக் கழித்த ஒரு பெண், தன் பெயரில், தன் 20 வயதை எழுதிய புத்தகம் நம் வீட்டு அலமாரிகளில் எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய திட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. விடுதிகளில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கும் கூடத்தில் ஓர் அலமாரிப் புத்தகம் வைக்கலாம். தமிழோடு ஒடியாவும் இந்தியும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு பெண்ணுக்கும் பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டியும், அதைத் திறந்து பார்க்க எவருக்கும் உரிமையில்லை என்ற விதியும் வேண்டும். வாரத்தின் ஒரு நாளாவது ஓவர்டைம் இல்லாத மாலையாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் அந்தச் சவுக்கு மரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதை எழுதியவர் எத்தகைய பெண் என்பதையும் பத்து நிமிடம் சொல்லலாம். பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: மகள் விட்டுச்செல்லும் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருப்பது.

தோருவின் கல்லறை கொல்கத்தாவின் மாணிக்தலாக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அவருடைய பிரெஞ்சு நாவல், வெளிவந்து நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 2005-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக இந்திய வாசகரிடம் வந்து சேர்ந்தது. தமிழிலும் அதைப் பரவலாகப் படிக்கும் நிலை வரவேண்டும். அப்போது செக்கிங் மேசையில் நிற்கும் ஒரு பெண், தான் நேராக்கித் தள்ளும் துணிச்சீட்டில் இருக்கும் மொழியில்தான், தன் வயதுப் பெண் ஒருத்தி ஒரு நாவலை எழுதி வைத்துவிட்டுப் போனாள் என்று அறிவாள். அதற்குப் பிறகு அவள் எழுதுவாளா என்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும். எழுதினால் அந்தத் தாள்களைப் பாதுகாப்பதே நம் கடமை.